ஐஸ்லாந்து: சுற்றி வர வேண்டாம், போய்த் திரும்பி வாருங்கள்

கேள்வி: நான், கணவர், 13 வயது மகன், 67 வயது மாமியார் ஆகிய நால்வரும் டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் ஐஸ்லாந்து போக நினைக்கிறோம். வாடகைக் காரில் ஏழு நாளில் தீவை முழுவதும் சுற்றி வரும் அட்டவணை ஒன்று கிடைத்திருக்கிறது. கணவர் பல வருடமாகக் கார் ஓட்டுபவர். எங்களுக்கு முக்கியம் இரவு வானில் தோன்றும் வடதுருவ ஒளி. முடிந்தால் எரிமலை பொங்குவதையும் பார்க்க ஆசை. மாமியாருக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். "எரிமலை வெடிக்கிற ஊருக்கு யாராவது காசு கொடுத்துப் போவார்களா?" என்கிறார். மகனுக்குச் சதுரங்கப் பைத்தியம். பாபி ஃபிஷரின் கல்லறையைப் பார்க்க வேண்டுமாம். எப்படித் திட்டமிடுவது?
– வாசகி, கோயம்புத்தூர்

வணக்கம் சகோதரி.

நீங்கள் அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். அதைப் போட்டவர் கிலோமீட்டரைக் கணக்குப் பார்த்திருக்கிறார், பகலைக் கணக்குப் பார்க்கவில்லை. தீவைச் சுற்றும் 1ஆம் எண் சாலையின் நீளம் 1,322 கிலோமீட்டர். ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 190 கிலோமீட்டர்கூட வராது. கோவையிலிருந்து சென்னைக்கு ஒரே மூச்சில் ஓட்டிப் பழகியவருக்கு இது ஒரு தூரமா என்றுதான் தோன்றும். ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் தலைநகர் ரெய்க்யாவிக்கில் சூரியன் எழும்போது காலை மணி பதினொன்றே கால் தாண்டியிருக்கும்; பிற்பகல் மூன்றரைக்கு இறங்கிவிடும். நாலு மணி நேரப் பகல். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் மங்கல் வெளிச்சம் இருக்கும். அந்த நாலு மணி நேரத்துக்குள் 190 கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு அருவியும் ஒரு பனியாறும் பார்த்து, மாமியாரைக் காரில் ஏற்றி இறக்க வேண்டும். சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் கிடக்கும். புயல் காற்று வந்தால் சாலைத் துறை தடுப்பை இறக்கிச் சாலையை மூடிவிடும். அப்போது நீங்கள் பணம் கட்டிய அடுத்த அறை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும், நீங்கள் இந்தப் பக்கம் இருப்பீர்கள். வட்டமாகப் போட்ட திட்டத்தின் கோளாறே இதுதான். ஒரு கண்ணி அறுந்தால் மிச்சம் எல்லாம் சரிந்துவிடும்.

அதனால் இரண்டு விஷயத்தை மாற்றச் சொல்வேன். முதலாவது மாதம், இரண்டாவது வட்டம்.

மாதம் முதலில். மே மாதக் கோடை விடுமுறையைப் பலர் கேட்பார்கள். நிலப்பரப்புக்கு மட்டும் என்றால் நானும் தயங்காமல் மே என்பேன். நீண்ட பகல், பாறை முகடுகளில் பஃபின் பறவைகள், பனி உருகிப் பெருகும் அருவிகள். ஆனால் மே மாத ஐஸ்லாந்தில் ராத்திரி என்று சொல்லும்படி இருட்டே கிடையாது. இருட்டு இல்லாமல் வடதுருவ ஒளி கண்ணுக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் முதல் ஆசையே அதுதான் என்பதால் மே கழிந்துவிடுகிறது.

மிஞ்சுவது காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். அப்போது அங்கே பகலும் இரவும் ஏறக்குறைய சமம். பன்னிரண்டு மணி நேர வெளிச்சத்தில் நிதானமாக ஊர் பார்க்கலாம், இரவு எட்டரை ஒன்பதுக்கு மேல் வானத்தையும் பார்க்கலாம். சமபகலிரவை ஒட்டிய வாரங்களில் சூரியக் காற்றும் பூமியின் காந்தப் புலமும் ஒன்றோடொன்று பிணைய வாய்ப்பான கோணத்தில் இருப்பதால், இந்த ஒளி தோன்றுவது சற்று அதிகம் என்பது பல்லாண்டுப் பதிவுகளில் தெரிந்த விஷயம். தாழ்நிலச் சாலைகளில் பெரும்பாலும் பனி விழுந்திருக்காது. குளிர் ஊட்டியின் டிசம்பர் இரவைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான், காற்றுதான் கூடுதல். இதில் ஒரே இடைஞ்சல் நவராத்திரி. சில வருடங்களில் தேதி நேராக மோதும். உங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இருந்தால் விமானச் சீட்டு போடும் முன்பே மாமியாரிடம் பேசிவிடுங்கள். போட்ட பிறகு பேசுவது பயணத்துக்கும் நல்லதல்ல, வீட்டுக்கும் நல்லதல்ல.

அடுத்தது வட்டம். வடக்கில் மிவாட்ன் ஏரி, டெட்டிஃபோஸ் அருவி, ஹுசாவிக்கின் திமிங்கலங்கள் எல்லாம் அருமையானவை. அவற்றை இந்த முறை விட்டுவிடுங்கள். ரெய்க்யாவிக்கிலிருந்து தென்கரையோரமாக யோகுல்சார்லோன் பனிக்கட்டிக் குளம் வரை சுமார் 380 கிலோமீட்டர். அங்கே வரை போய், அதே சாலையில் திரும்பி வாருங்கள். போன வழியிலேயே திரும்புவது வீண் என்று நம்மவர்களுக்கு ஓர் எண்ணம் உண்டு. ஐஸ்லாந்தில் அது வீணே அல்ல. போகும்போது மழையில் மறைந்த அருவியைத் திரும்பும்போது வெயிலில் பார்க்கலாம். காற்று அதிகமாக இருந்து காரை விட்டே இறங்க முடியாத இடத்துக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும். ஒரு நாள் சாலை மூடினாலும் இருக்கும் இடத்திலேயே இன்னோர் இரவு தங்கி, அடுத்த இடத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையோடு அறைகளை எடுத்தால் இந்தச் சுதந்திரம் கொஞ்சம் கூடுதல் விலைக்குக் கிடைத்துவிடும். அந்தக் கூடுதல் விலையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எட்டு இரவு ஒதுக்க முடிந்தால் நல்லது. முதல் இரண்டு இரவு ரெய்க்யாவிக். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. எப்படிப் போனாலும் தூக்கம் கெட்டுத்தான் இறங்குவீர்கள். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய ஊர் என்பதால் விடிகாலை மூன்று மணிக்கே எல்லோருக்கும் விழிப்பு வந்துவிடும். கெஃப்லாவிக் விமான நிலையத்திலேயே காரை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் எல்லோரும் செய்வது. நான் வேண்டாம் என்பேன். நகரம் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பேருந்தில் போங்கள். ஒரு நாள் ஊருக்குள் நடந்து, ஹட்ல்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயக் கோபுரத்தில் ஏறி (லிஃப்ட் உண்டு), மூன்றாம் நாள் காலை நகரத்திலேயே காரை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கக் கலக்கத்தில், பழகாத பக்கத்தில், காற்றடிக்கும் சாலையில் முதல் ஓட்டம் வேண்டாம்.

மூன்றாம் நாள் திங்வெட்லிர், ஸ்ட்ரோக்குர், குல்ஃபோஸ் அருவி. திங்வெட்லிரில் வட அமெரிக்கப் புவித்தட்டும் யூரேசியத் தட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டே போகின்றன. அந்த விலகலில் பிளந்த பாறைச் சுவர்களுக்கு நடுவில் நடக்கலாம். கி.பி. 930இல் ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் நாடாளுமன்றத்தைக் கூட்டிய வெளியும் இதுதான். மேல் வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே பார்வை மேடை இருப்பதால் மாமியார் பிளவு முழுவதையும் அங்கிருந்தே பார்த்துவிடலாம். ஸ்ட்ரோக்குர் வெந்நீர் ஊற்று ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 20, 30 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சியடிக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள், கயிற்றைத் தாண்டாதீர்கள். ஓடி வரும் நீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். குல்ஃபோஸை மேல் தளத்திலிருந்து பார்ப்பதே போதும். கீழே இறங்கும் படிகள் ஈரமாக இருக்கும்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு ரெய்க்கோல்ட் கிராமத்தில் ஃப்ரித்ஹெய்மர் என்ற தக்காளிப் பண்ணை இருக்கிறது. பூமிச் சூட்டில் இயங்கும் கண்ணாடிக் கூடத்துக்குள், தக்காளிக் கொடிகளுக்கு நடுவில் மேசை போட்டுத் தக்காளி சூப்பும் ரொட்டியும் தருகிறார்கள். சைவம் சாப்பிடுபவர் "எனக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கத் தேவையில்லாத அபூர்வ இடம். முன்பதிவு கட்டாயம்.

பிறகு தென்கரை. செல்யாலந்த்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் இரண்டும் 60 மீட்டர் அருவிகள். முதலாவதன் பின்புறம் சுற்றி நடக்கும் பாதை வழுக்கும். அது உங்கள் மகனுக்கு. இரண்டாவதன் அடிவாரம் வரை சமதளம், அது மாமியாருக்கு. ஸ்கோகாஃபோஸின் பக்கத்தில் 500க்கு மேல் படிகள் உள்ள ஏற்றம் ஒன்று உண்டு. முழங்கால் நன்றாக இருப்பவர்கள் மட்டும் ஏறட்டும்.

விக் ஊருக்குப் பக்கத்தில் ரெய்னிஸ்ஃப்யாரா என்ற கறுப்பு மணல் கடற்கரை. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அமைதியாகத் தெரியும் கடலில் திடீரென ஓர் அலை வழக்கத்தைவிடப் பல மீட்டர் மேலே ஏறி வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும். கரைக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவில் பெருநிலம் எதுவும் குறுக்கே இல்லை. நெடுந்தூரம் சேர்த்துக்கொண்டு வந்த வேகம் முழுவதும் அங்கே வந்து விழுகிறது. கரையும் சட்டென்று ஆழமாகும். பயணிகள் பலர் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். நுழைவில் எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். சிவப்பு எரிந்தால் மணலில் இறங்கவே வேண்டாம். வேறு நிறமானாலும் கடலுக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். மெரினாவில் கால் நனைத்த பழக்கத்தை அங்கே கொண்டு போகக் கூடாது.

விக்கிலிருந்து கிழக்கே போகும்போது சாலையின் இருபுறமும் பாசி மூடிய மேடுபள்ளமான ஒரு வெளி வரும். 1783 ஜூனில் லாக்கி என்ற இடத்தில் பூமி வரிசையாகப் பிளந்து எட்டு மாதம் கக்கிய எரிமலைக் குழம்பு இது. 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. குழம்பில் சிக்கிச் செத்தவர்கள் யாரும் இல்லை. அதோடு வந்த நச்சுவாயு புல்லில் படிந்தது, மேய்ந்த ஆடுகளில் பெரும்பகுதி மடிந்தது, பஞ்சம் வந்தது. நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த ஜூலையில் குழம்பு கிளாய்ஸ்துர் ஊரை நெருங்கிக்கொண்டிருந்தபோது யோன் ஸ்டெய்ன்கிரிம்ஸன் என்ற பாதிரியார் ஊராரைத் தேவாலயத்துக்குள் அழைத்துப் பிரசங்கம் செய்தார். வெளியே வந்து பார்த்தால் குழம்பு ஊருக்குள் வராமல் நின்றிருந்தது. அதை இன்றும் 'நெருப்புப் பிரசங்கம்' என்று சொல்கிறார்கள். உங்கள் மாமியாருக்குப் பிடிக்கும் கதை என்று நினைக்கிறேன். பாசியின் மேல் மட்டும் யாரும் கால் வைக்க வேண்டாம். மிதித்த தடம் மறையப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இன்னும் கிழக்கே, ஸ்காஃப்டாஃபெட்ல் பக்கம், சாலையோரத்தில் முறுக்கிப் போட்ட இரும்புத் தூலங்கள் கிடக்கும். 1996இல் வட்னாயோகுல் பனிப்பரப்பின் அடியில் எரிமலை பொங்கி, உருகிய நீர் ஒரே நாளில் பாய்ந்து வந்து அடித்துப்போன பாலத்தின் மிச்சம். மகனை இறக்கிக் காட்டுங்கள். அதற்கப்புறம் யோகுல்சார்லோன். காரை நிறுத்திய இடத்திலிருந்து சில அடி தூரத்தில் நீலமும் வெள்ளையுமாகப் பனிப்பாறைகள் மிதக்கும். நாட்டின் மிக ஆழமான ஏரிகளில் ஒன்று, 240 மீட்டருக்கு மேல். பனியாறு பின்வாங்கப் பின்வாங்க, கடந்த நூறு ஆண்டுக்குள் உண்டானது. படகுகள் வழக்கமாக அக்டோபர் வரை ஓடும். சாலைக்கு மறுபக்கம் கடற்கரையில் அந்தப் பாறைகளின் துண்டுகள் கறுப்பு மணலில் ஒதுங்கிக் கிடக்கும். பனிக்குகைப் பயணம் விற்க வருவார்கள். இயற்கையான பனிக்குகைகளுக்கு உரிய காலம் நவம்பருக்குப் பிறகுதான். 2024 ஆகஸ்டில் அந்தப் பக்கம் பனி இடிந்து விழுந்து ஒருவர் இறந்தார். நீங்கள் போகும் பருவத்தில் அதை விடுங்கள்.

இப்போது மாமியாரின் கேள்விக்கு வருகிறேன், நியாயமான கேள்விதான். ரெய்க்யானெஸ் தீபகற்பம் சுமார் 800 வருடம் சும்மா கிடந்துவிட்டு 2021 மார்ச்சில் கண் விழித்தது. 2023 நவம்பர் 10 இரவு கிரின்டாவிக் என்ற மீனவர் ஊரை முழுவதுமாகக் காலி செய்தார்கள். டிசம்பரில் பக்கத்தில் குழம்பு பொங்கியது. 2024 ஜனவரியில் ஊருக்குள்ளேயே நுழைந்து சில வீடுகளை எரித்தது. 2025 வரை மீண்டும் மீண்டும் பொங்கியது. இத்தனைக்கும் நடுவில் அதே தீபகற்பத்தில் இருக்கும் விமான நிலையம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. 2010இல் எய்யாஃபியாட்லயோகுல் வெடித்து ஐரோப்பிய வானத்தையே பல நாள் மூட வைத்ததை அவர் மனதில் வைத்திருக்கலாம். அது பனிப்பரப்பின் அடியில் வெடித்த மலை. கொதிக்கும் குழம்பு உருகிய நீரோடு மோதி நுண்ணிய சாம்பலாகச் சிதறி வானத்தில் ஏறியது. ரெய்க்யானெஸில் மேலே பனி இல்லை. பிளவிலிருந்து குழம்பு வழிந்து ஓடுகிறது, சாம்பல் குறைவு. பூமி அதிர்வை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கும் வானிலை ஆய்வகம் இருக்கிறது, ஆபத்து என்றால் செல்பேசிக்கே செய்தி வந்துவிடும். பயணிகளைப் பொறுத்தவரை நான் அந்த நாட்டில் பயப்படுவது அலைக்கும் காற்றுக்கும் சாலைக்கும்தான். எரிமலை அதற்குப் பிறகுதான் வரும்.

பொங்குவதைப் பார்க்கும் ஆசைக்கு யாரும் சீட்டு விற்க முடியாது. நீங்கள் போகும் வாரம் பொங்கினால், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அதிகாரிகள் அறிவிப்பார்கள். அறிவித்த பாதையில் மட்டும் போங்கள். பொங்காவிட்டால் விக் ஊரில் ஒரு கூடம் இருக்கிறது. எரிமலைக் கல்லை உலையில் உருக்கி, சுமார் 1,100 டிகிரி சூட்டில் கண்ணெதிரே ஓட விடுகிறார்கள். உட்கார்ந்தபடி பார்க்கலாம். முகத்தில் சூடு படும். கேட்கும்போது பொருட்காட்சிச் சமாச்சாரம் போல இருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட நெருக்கமாகக் குழம்பைக் காட்ட வேறு வழி இல்லை.

கணவரிடம் சொல்ல வேண்டியவை. அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும், ஸ்டீயரிங் இடப்பக்கம். ஆட்டோமேட்டிக் காரைக் கேட்டு வாங்குங்கள். இடக்கையால் ஓட்டிப் பழகிய கியரை வலக்கையால் தேடும் வேலையாவது மிச்சமாகும். தார்ச் சாலையில் 90, சரளைச் சாலையில் 80, ஊருக்குள் 50. பகலிலும் விளக்கு எரிய வேண்டும். இரண்டு தடம் உள்ள ரவுண்டானாவில் உள் தடத்தில் இருப்பவருக்கே முன்னுரிமை, இது பல நாட்டு ஓட்டுநர்களையும் குழப்பும். ஒற்றைத் தடப் பாலங்களில் முதலில் நெருங்கியவர் போகலாம் என்பது வழக்கம். சந்தேகம் வந்தால் நின்றுவிடுங்கள். படம் எடுக்கச் சாலையில் காரை நிறுத்தவே கூடாது. 'எஃப்' என்று தொடங்கும் எண் கொண்ட மலைச் சாலைகள் உங்களுக்கானவை அல்ல. சாலையை விட்டு நிலத்தில் இறக்கி ஓட்டுவது சட்டப்படி குற்றம், அபராதம் பெருந்தொகை.

காற்றைத் தனியாகச் சொல்கிறேன். முன்னறிவிப்பில் காற்றை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று போடுவார்கள். 15க்கு மேல் போனால் கவனம்; 20 என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர், அன்று நீண்ட ஓட்டம் வேண்டாம். கதவைத் திறக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். காற்று கதவைப் பிடுங்கி வளைத்துவிட்டால் அந்தச் செலவைப் பெரும்பாலான வாடகைக் காப்பீடுகள் ஏற்பதில்லை. சரளைக்கல் தெறிப்புக்கும் மணல், சாம்பல் புயலுக்கும் தனிக் காப்பீடு உண்டு. தென்கரைக்குப் போவதால் இரண்டையும் எடுங்கள். தினமும் காலையில் கிளம்பும் முன் சாலைத் துறையின் வரைபடத்தையும் வானிலை ஆய்வகத்தின் பக்கத்தையும் பார்ப்பது கணவரின் வேலை. அவசர எண் 112.

உடுப்பு. குடையைக் கொண்டு போகாதீர்கள், ஒரே நிமிடத்தில் பறந்துவிடும். மாமியார் புடவையை விடமாட்டார் என்றால், உள்ளே கம்பளித் தெர்மல், மேலே முழங்காலுக்குக் கீழ் வரும் மழைக்கோட்டு என்றாவது ஏற்பாடு செய்யுங்கள். ஆனாலும் சல்வாரும் அதன்மேல் நீர்புகா கால்சட்டையும்தான் சரி. அந்தக் காற்றில் புடவை பாய்மரமாகிவிடும். நழுவாத அடிப்பாகம் உள்ள காலணி நால்வருக்கும் அவசியம்.

சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள தங்குமிடங்களாக எடுங்கள். போனுஸ், க்ரோனன் என்ற பல்பொருள் கடைகளில் அரிசி, பருப்பு, காய்கறி, தயிர் எல்லாம் கிடைக்கும். நீங்கள் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் கொண்டு போனால் போதும். பச்சை இறைச்சி, காய்ச்சாத பாலில் செய்த பொருள்கள் கொண்டு போகத் தடை உண்டு. ஸ்கீர் என்ற கெட்டித் தயிர் எங்கும் கிடைக்கும், மகனுக்குப் பிடிக்கும். ஆனால் பாரம்பரிய முறையில் அதை உறைய வைக்கக் கன்றின் இரைப்பைச் சாற்றைச் சேர்ப்பார்கள். மாமியாருக்கு வாங்கும்போது டப்பாவைப் படித்து வாங்குங்கள். உணவகத்தில் காய்கறி சூப் என்றாலும் எந்தச் சாற்றில் செய்தது என்று கேளுங்கள். குழாயில் வெந்நீர் முட்டை அழுகிய வாடை அடிக்கும். அது பூமிக்கடியிலிருந்து வரும் கந்தக வாசனை, குளிக்கக் கெடுதல் இல்லை. அரிசி வைக்கவும் குடிக்கவும் குளிர்ந்த குழாய் நீரைப் பிடியுங்கள். பாட்டில் தண்ணீர் வாங்குவது அந்த நாட்டில் காசைத் தூக்கி எறிவது.

வெந்நீர்க் குளம் பற்றி முன்பே சொல்லிவிடுவது நல்லது. பொதுக் குளங்களில் இறங்கும் முன் ஆடையின்றிச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். ஆண், பெண் தனித்தனி அறைதான்; ஆனால் அறைக்குள் மறைவு இருக்காது, இருந்தால் ஒன்றிரண்டு திரைதான். நீரில் குளோரினை மிகக் குறைவாகச் சேர்ப்பதால் இந்த விதியில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தடுப்பு உள்ள குளியலறை வேண்டும் என்றால் 'புளூ லகூன்' போன்ற பெரிய இடங்களுக்குப் போங்கள். அது கிரின்டாவிக்குக்குப் பக்கத்திலேயே இருப்பதால் திடீரென மூடியதுண்டு. கடைசி நாளுக்கு வைத்து, ரத்து செய்யும் விதியைப் படித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். தலைமுடி நனைந்தால் சிலிக்கா படிந்து விறைத்துப் போகும்.

வடதுருவ ஒளிக்கு என்று தனிப் பேருந்துப் பயணம் வாங்க வேண்டியதில்லை, கிராமப்புறத்தில் ஐந்து இரவு தங்கப் போகிறீர்கள். வானிலை ஆய்வகத்தின் மேக வரைபடத்தில் பச்சை என்றால் மேகம், வெள்ளை என்றால் தெளிவு. முதலில் அதைப் பாருங்கள், ஒளியின் பலத்தைச் சொல்லும் எண்ணை அப்புறம் பாருங்கள். ஐஸ்லாந்து இருக்கும் இடத்துக்கு 2, 3 என்ற எண்ணே போதும், மேகம்தான் கெடுக்கும். மங்கலாக இருக்கும்போது சாம்பல் நிற மேகம் போலத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் செல்பேசியில் சில நொடி திறந்து வைத்துப் படம் எடுங்கள், பச்சையாக விழுந்தால் அதுதான். படங்களில் பார்க்கும் நிறத்தை எல்லா இரவும் எதிர்பார்க்க வேண்டாம் என்று மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். தங்குமிடத்தில் கேட்டால் ஒளி வந்ததும் எழுப்பிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

மகனின் ஆசை சுலபம். ஃபிஷரின் கல்லறை செல்ஃபோஸ் ஊரை ஒட்டிய லெய்கர்தைலிர் என்ற சிறு தேவாலயத்தின் முற்றத்தில் இருக்கிறது. நீங்கள் போகும் சாலையிலிருந்து சில நிமிட விலகல். 1972இல் அவர் ஸ்பாஸ்கியை வென்று உலகச் சதுரங்கப் பட்டம் பெற்ற ஊர் ரெய்க்யாவிக். பிற்காலத்தில் அவர் ஜப்பானில் சிறைபட்டிருந்தபோது 2005இல் குடியுரிமை கொடுத்து அழைத்துக்கொண்டதும் ஐஸ்லாந்துதான். 2008இல் அங்கேயே இறந்தார். செல்ஃபோஸில் அவர் பெயரில் சிறு காட்சியகமும் உண்டு. நம் பிரக்ஞானந்தா 2022இல் ரெய்க்யாவிக் ஓபன் பட்டத்தை வென்றதை மகனுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக விசா. ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக முடிகிற ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத்தான் சலுகை என்பதால் மகனுக்கும் முழுக் கட்டணம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூன் மாதமே கொடுத்துவிடுங்கள், கைரேகை கொடுக்கும் தேதி கிடைப்பதுதான் தாமதமாகும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மாமியாரின் முழங்காலுக்கு ஏற்கெனவே சிகிச்சை நடக்கிறது என்றால் அதை மறைக்காமல் எழுதிக் காப்பீடு வாங்குங்கள். லண்டன் வழியாகச் சீட்டு சில நேரம் மலிவாகத் தெரியும். ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது. அங்கே விமானம் மாறுவதற்கே இன்னொரு விசா தேவைப்படும். ஒரே சீட்டாக, வேறோர் ஐரோப்பிய நகரம் வழியாகப் போங்கள். குடியேற்றச் சோதனை ஷெங்கன் பகுதியில் முதலில் இறங்கும் நகரத்திலேயே நடக்கும்; 2025 அக்டோபரிலிருந்து அங்கே கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை வந்திருப்பதால், இணைப்பு விமானத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் நால்வரின் பாஸ்போர்ட்டையும் எடுத்துத் தேதி பாருங்கள். திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், கடந்த பத்து ஆண்டுக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும். சிறுவர்களுக்கான பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் என்பதால் நான்கில் முதலில் மகனுடையதைப் பாருங்கள்.